ஆனைமடுவில் மொண்ட தீர்த்தம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் முழங்கால் வலி. அடுத்தது பேரன் பேத்திகள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது. அப்புறம் ஒருவர் மெல்ல ஆரம்பிப்பார், "எங்க ஊர் ஆத்துல..." என்று. உடனே ஆளாளுக்கு ஓர் ஆற்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள். வைகைக்காரர்கள் விடமாட்டார்கள், தாமிரபரணிக்காரர்கள் அதற்கு மேல். காவேரிக்காரர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எல்லோரும் பேசி ஓயும் வரை நான் வாயைத் திறப்பதில்லை. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். பழனி முருகனுக்குக் காவேரித் தீர்த்தம் என்று வந்த கலயத்தில் எங்கள் சண்முகநதித் தண்ணீரை நிரப்பியவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

இதைக் கேட்டதும் பாதிப் பேர் சிரிக்கிறீர்கள். பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறீர்கள். முழுவதையும் கேட்பதற்குள் யாருக்காவது மாத்திரை நேரம் வந்துவிடுகிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் ஆற்றைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது. மலையிலிருந்து ஆறு ஓடைகள் இறங்கி வந்து ஒன்றாகச் சேர்வதால் அதற்குச் சண்முகநதி என்று பெயர். மேலே அணைகள் கட்டாத காலம் அது. ஐப்பசியில் செந்நிறமாகப் பொங்கி வரும். தை பிறந்தால் தெளிந்துவிடும். பங்குனியில் நடு ஆற்றில் ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிப் போகும். ஆனால் எங்கள் தென்னந்தோப்புக்கு நேர் கீழே இருந்த ஆனைமடு மட்டும் எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. எப்போதோ மலையிலிருந்து இறங்கிய யானை ஒன்று அதில் படுத்துக் கிடந்ததாகச் சொல்வார்கள். இரண்டு ஆள் ஆழம். காலை வெயில் சாய்வாக விழும்போது கரையில் நின்று பார்த்தால் அடிமணலில் கூழாங்கல் தெரியும். கால் வைத்தால் அயிரை மீன்கள் வந்து விரல் இடுக்குகளைக் கடிக்கும். அந்தக் கூச்சத்தை இப்போது நினைத்தாலும் காலை இழுத்துக்கொள்கிறேன்.

அந்த மடுவில் முங்கி அடிமணலை ஒரு பிடி அள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும். அதுதான் எங்களுக்குள் பந்தயம். பையன்களில் இரண்டு பேரால்தான் முடியும். பெண்களில் நான் ஒருத்தி. நான் அள்ளி வருகிற மணலில் சில சமயம் சிப்பி இருக்கும். அதைக் கழுவி, சிலேட்டுப் பலகையோடு பைக்குள் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். டீச்சர் ஆறுகளைப் பற்றிப் பாடம் நடத்திய அன்று, சண்முகநதி அமராவதியில் சேருகிறது, அமராவதி காவேரியில் சேருகிறது என்று பலகையில் கோடு போட்டுக் காட்டினார். வகுப்பில் எனக்கு மட்டும் அது தலைகால் புரியாத சந்தோஷமாக இருந்தது. என் மடுத் தண்ணீர் காவேரி வரைக்கும் போகிறது என்று வீடு வந்து எல்லோரிடமும் சொன்னேன். "அது எங்கேயோ போகட்டும், நீ போய்க் குடத்தை எடு" என்றாள் அம்மா.

அப்பாவுக்குத் தோப்பு ஒரு தொழில் என்றால், பங்குனி மாதம் போடும் தண்ணீர்ப் பந்தல் இன்னொரு தொழில். அதில் வருமானம் கிடையாது. ஆனால் அப்பாவின் மதிப்பு முழுக்க அதில்தான் இருந்தது. உத்திரத்துக்குப் பழனிக்கு நடந்து வருகிற காவடிக் கூட்டங்கள் ஆற்றில் குளித்து, எங்கள் தோப்பில் வெயில் தாழும் வரை இளைப்பாறிவிட்டுத்தான் மலைக்குப் போகும். பானகமும் நீர்மோரும் பெரிய மண்தொட்டிகளில் இருக்கும். எலுமிச்சையும் சுக்கும் ஏலமும் கலந்த அந்த வாசனைக்குத் தோப்புக்குள் வண்டுகள் வந்துவிடும். "அந்தத் தோப்புக்காரர் பந்தலில் ஒரு குறை சொல்ல முடியாது" என்று யாராவது சொன்னால் அப்பாவுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

கொடுமுடியிலிருந்து வருகிறவர்கள் தீர்த்தக் காவடி கொண்டு வருவார்கள். காவடியின் இரண்டு முனையிலும் சின்னச் செப்புக் கலயங்கள் தொங்கும். அவற்றில் காவேரித் தண்ணீர். வாயைத் துணியால் மூடி நூலால் சுற்றியிருப்பார்கள். அந்தத் தண்ணீரைத்தான் சாமிக்கு அபிஷேகம் செய்வது. ஊரிலிருந்து கிளம்பினால் மலை ஏறும் வரை காவடி தரையில் படக்கூடாது. அதற்காகவே அப்பா இரண்டு தென்னைகளுக்கு நடுவே நெஞ்சு உயரத்தில் ஒரு தடித்த மூங்கிலைக் கட்டி வைத்திருந்தார். காவடிகளை அதில் மாட்டிவிட்டு எல்லோரும் குளிக்கப் போவார்கள். யாராவது ஒருவர் காவல் இருக்க வேண்டும்.

அந்தக் காவல் அதுவரை அண்ணனுடையது. அண்ணன் அந்த வருஷம் மஞ்சள்காமாலை வந்து அத்தை வீட்டில் கிடந்தான். நயா பைசா வந்து கடைக்காரர்களும் கிழவர்களும் தலையைச் சொறிந்துகொண்டிருந்த காலம் என்று ஞாபகம். காவல் எனக்கு வந்தது. பெண் பிள்ளையிடம் காவடியை விட்டுவிட்டுப் போவதா என்று ஒரு கூட்டத்தார் முனகினார்கள். "எம் பொண்ணு கண்ணு இமைக்க மாட்டா, நீங்க தைரியமாப் போயிட்டு வாங்க" என்றார் அப்பா. அந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தனை நாள் மதியச் சாப்பாடில்லாமல் வேண்டுமானாலும் நின்றிருப்பேன்.

இனி என் சிநேகிதியைச் சொல்ல வேண்டும். அவள் மலையடிவாரத்துக் காட்டு ஜனம். அவளுடைய அப்பா தேன் எடுப்பவர். பங்குனியில் பாறைத் தேன் எடுத்து, சுரைக்குடுக்கைகளில் நிரப்பித் தோளில் கோத்துப் போட்டுக்கொண்டு இறங்கி வருவார். கூட அவளும் வருவாள். காவடிக்காரர்கள் பஞ்சாமிர்தத்துக்கென்று தேன் வாங்குவார்கள். ஆனால் அவர்கள் எங்கள் வேலிக்கு உள்ளே வரக்கூடாது. வேலிக்கு வெளியே ஒரு புளியமரம், அதன் அடிதான் அவர்களுக்கு. எல்லோருக்கும் மோர் பித்தளை டம்ளரில் என்றால் அவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில். யாரும் இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை. நானும் கேட்டதில்லை. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஆற்றில் மட்டும் வேலி கிடையாது. அவளும் நானும் ஆனைமடுவில் சேர்ந்துதான் முங்குவோம். அவள் என்னைவிட அதிக நேரம் உள்ளே இருப்பாள். இதை நான் பல வருஷம் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

அன்றைக்கு உத்திரத்துக்கு முந்தின நாள். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட கொடுமுடிக் கூட்டம் ஒன்று உச்சி வெயிலுக்குத் தோப்புக்கு வந்தது. காவடி எடுத்தவர்களில் ஒருவர் மிகவும் நொண்டிக்கொண்டு வந்தார். உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து துணி சுற்றியிருந்தார். காவடியை மூங்கிலில் மாட்டியபோது இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தார்.

"அம்மிணி, நீதான் காவலா?" என்று கேட்டார்.

"ஆமாங்க சாமி."

"நல்லாப் பாத்துக்கோணும் கண்ணு. என்ற மகளுக்கு வேண்டிக்கிட்டது. மூணு வயசாவுது. காய்ச்சல் வந்து காலு ரெண்டும் வராமப் போயிருச்சு. தைப் பொங்கலன்னைக்கு செவுத்தப் புடிச்சுக்கிட்டு மூணு எட்டு வெச்சா. அப்பவே சொல்லிப்போட்டேன், காவேரித் தண்ணிய நடந்தே கொண்டாந்து ஊத்தறேன் முருகான்னு. அவளுக்கு நடை முழுசா வரோணும்."

"நான் பாத்துக்கிறேங்க. நீங்க குளிச்சிட்டு வாங்க" என்றேன், அப்பா மாதிரியே.

அவர்கள் குளித்து, மர நிழல்களில் துண்டை விரித்துப் படுத்தார்கள். எனக்குப் பசி. ஆயக்குடியில் கட்டிக்கொடுத்த அத்தை அனுப்பியிருந்த கொய்யாப் பழங்கள் ஓர் ஓலைக்கொட்டானில் இருந்தன. தரையில் வைத்தால் கட்டெறும்பு மொய்க்கும். அந்தத் தோப்பில் எறும்பு ஏறாத ஒரே இடம் காவடி மூங்கில்தான், அதன் கட்டுகளில் அப்பா வேப்பெண்ணெய் தடவி வைத்திருந்தார். கொட்டானை மூங்கிலின் ஓரத்தில், கடைசிக் காவடிக்குப் பக்கத்தில் மாட்டினேன். அந்தக் கடைசிக் காவடி கொப்புளக்காரருடையது. தோப்புக்குள் குரங்கு வரும் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நான்தான் பக்கத்தில் நிற்கிறேனே என்ற நினைப்பு.

நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அந்தக் கூட்டத்தோடு வந்த வாலிபன் ஒருவன் கரைப் பக்கமிருந்து வந்து, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "இந்தக் குட்டைக்குத்தான் நதின்னு பேரா? எங்க காவேரியில மாடு கழுவற படித்துறைகூட இதைவிடப் பெருசு" என்றான்.

குட்டை என்றான். ஆனைமடுவை.

"குட்டையா? எறங்கி அடிமணல் எடுத்துட்டு வாங்க பாப்போம்" என்றேன். அவன் சிரித்தான். "நீ எடுப்பியா?" என்றான். அதற்குப் பிறகு நான் காவடியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிப்போய்க் குதித்துவிட்டேன். ஒரு பிடி மணல் எடுத்து வந்து அவன் காலடியில் போட்டேன். "கரையோரத்துல அள்ளியிருப்பே" என்றான். திரும்பவும் நடு மடுவில் முங்கினேன். மூன்றாவது தடவை, வேண்டுமென்றே உள்ளேயே இருந்தேன். காது அடைத்து, நெஞ்சு முட்டி, மேலே பச்சையாக வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. அவன் பயப்படட்டும் என்று இன்னும் கொஞ்சம் இருந்தேன். வெளியே வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஜெயித்துவிட்டேன் என்று நான் கரையேறுகையில்தான் தோப்பிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல் கேட்டது.

என் சிநேகிதி காவடியை இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் காலடியில் கொட்டான் கவிழ்ந்து கிடந்தது. மேலே தென்னை மட்டையில் ஒரு குரங்கு கொய்யாவைக் கடித்துக்கொண்டிருந்தது. அது தாவியதில் காவடி மூங்கிலிலிருந்து சறுக்கியிருக்கிறது. என்னைத் தேடி வேலி இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், வேலி தாண்டி ஓடி வந்து, மண்ணைத் தொடுவதற்குள் பிடித்துவிட்டாள். ஆனால் ஒரு கலயம் சாய்ந்து, துணி நழுவி, தண்ணீர் முழுக்கக் கொட்டிப் போயிருந்தது.

"கீழ படலை. நான் விடலை. வெரசா வந்து வாங்கு, கை வலிக்கி" என்றாள்.

வாங்கி மாட்டினேன். காலிக் கலயத்தைப் பார்த்ததும் கண் முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு மூன்று வயதுப் பெண் தெரிந்தாள். அந்தப் பிள்ளை நான் செய்த காரியத்தால் பொத்தென்று உட்கார்ந்துவிடும் என்று தோன்றியது. அழுகை வந்தது.

"இப்ப என்னடி பண்றது?"

"தண்ணிதானே? ஆத்துல கெடக்கு" என்றாள் அவள், வெகு சாதாரணமாக.

கலயத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன். கரையோரத் தண்ணீரை மொள்ள மனம் வரவில்லை. நடு மடுவுக்கு நீந்திப் போய், நல்ல தெளிந்த தண்ணீராக மொண்டு வந்தேன். துணியை மூடி நூலைச் சுற்றிக் கட்டினேன். அவள் வேலிக்கு வெளியே போய்விட்டாள். நான் காவல் நின்றேன், கண் இமைக்காமல்.

வெயில் தாழ்ந்தது. எல்லோரும் எழுந்து திருநீறு பூசிக்கொண்டு கிளம்பத் தயாரானார்கள். கொப்புளக்காரர் காவடியைத் தோளில் ஏற்றியதும் நின்றுவிட்டார். ஒரு கலயத்தின் துணி ஈரமாக இருந்தது. மூங்கிலுக்கு அடியில் மண்ணும் நனைந்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டத் தலைவர்தான் சத்தம் போட்டார். அடுப்படியில் இருந்த அவர்களுடைய சமையல்காரர் எழுந்து வந்து, "அந்தக் காட்டுக்காரப் புள்ள காவடி மேல கைய வெச்சுக்கிட்டு நின்னதை நான் பாத்தேனுங்க" என்றார்.

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது. காவல் நின்றவள் நான், அங்கேயே நிற்கிறேன், என் பாவாடையில் இன்னும் ஈரம் காயவில்லை. என்னைத் தாண்டி நேரே வேலிக்கு வெளியே போனார்.

"ஏலே, உம் மகளை உள்ள விட்டது யாரு? சாமி காவடியத் தொட்டுத் தீட்டாக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கியா? எந்திரி. இனி இந்தப் பக்கம் வந்தா நடக்கிறதே வேற!"

தேன்காரர் எழுந்தார். "என்னங்கய்யா ஆச்சு? புள்ள என்ன செஞ்சுச்சு?" என்று மகளைப் பார்த்தார். அவளோ வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். சொல்லிக் கொடுக்கவில்லை, கண்ணைக் காட்டவில்லை. நான் சொல்வேன் என்று நம்பிப் பார்த்தாள்.

நான் சொல்லவில்லை. 

அப்பா அவரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். அவர் புளியமரத்து வேரில் தடுக்கி விழுந்தார். தோளில் கோத்திருந்த குடுக்கைகளில் இரண்டு அடியில் சிக்கி உடைந்தன. தேன் மணலில் வழிந்தது. கறுத்த, கெட்டியான பாறைத் தேன். மேலே ஒரு படலம் வெயிலில் பளபளத்தது, பிறகு மெதுவாக மணலுக்குள் இறங்கியது. வாசனை தோப்பு முழுக்கப் பரவியது. அவர் தேனைப் பார்க்கவில்லை. அவசரமாக எழுந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "வா தாயி, போயிருவோம்" என்றார்.

அந்த நிமிஷம் எனக்குள் என்ன உடைந்ததோ தெரியாது. "நான்தான்! நான்தான் பண்ணேன்!" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொய்யாக் கொட்டான், குட்டை என்று சொன்னவன், குரங்கு, காலிக் கலயம், மடுத் தண்ணீர். "அவ காவடியத் தீட்டாக்கலை. அவதான் கீழ விழாமப் புடிச்சா. தண்ணிய மாத்துனது நான். ஆனா அதுவும் காவேரித் தண்ணிதான். எங்க ஆறு அமராவதியில சேருது, அமராவதி காவேரியில சேருது, டீச்சர் சொன்னாங்க!"

"போற தண்ணி வேற, வந்த தண்ணி வேற" என்று கூட்டத் தலைவர் உறுமினார். "போச்சு. எல்லாம் போச்சு. திரும்பப் போயி எடுத்தார நாளும் இல்லை. நாளைக்கு உத்தரம்."

அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. வாழ்க்கையில் அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். காது ரீங்காரமிட்டது. ஆனால் உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வலிக்கவே இல்லை. சொல்லிவிட்டேன் என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது. பிந்திச் சொன்னேன், இரண்டு குடுக்கைத் தேன் போன பிறகு சொன்னேன். ஆனாலும் சொன்னேன்.

கொப்புளக்காரர் காவடியைத் தோளிலிருந்து இறக்காமலே என் அருகில் வந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"காவடி மண்ணுல படலைதானே கண்ணு?"

"படலைங்க சாமி. சத்தியமா. அவ புடிச்சுட்டா."

"எந்த எடத்துல மொண்டே?"

"நடு மடுவுல. அடிமணல் தெரியிற எடத்துலங்க."

அவர் மலையை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வேலி ஓரம் போய் என் சிநேகிதியிடம் பேசினார்.

"அம்மிணி, நீ புடிக்கலைன்னா என்ற வேண்டுதல் மண்ணோட போயிருக்கும். இந்த ஆறு உங்க மலையில இருந்துதானே வருது? இந்தக் கலயத்துத் தண்ணிய ஆத்துலயே விட்டுப்போட்டு, உன்ற கையால புதுசா ஒரு தரம் மொண்டு குடு. அதை நான் கொண்டுபோயி ஊத்தறேன்."

கூட்டத் தலைவர், "அடேய், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றார். கொப்புளக்காரர் திரும்பவே இல்லை.

அவளுக்கும் என் வயதுதான். ஒரு கையில் அவளுடைய அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள். தலையை நிமிர்த்திக் கொப்புளக்காரரைப் பார்த்தாள். பிறகு என் அப்பாவைப் பார்த்தாள்.

"எங்கப்பாவ உள்ள கூப்பிடச் சொல்லுங்க. தள்ளுனவுகளே வந்து கூப்பிடட்டும். அப்பத்தான் மொண்டு தருவேன்."

"ஏ தாயி, பேசாம இரு" என்று தேன்காரர் பதறினார்.  என் அப்பா அத்தனை பேர் நடுவில் நின்றார். அவருடைய பந்தல், அவருடைய வேலி, குறை சொல்ல முடியாத அவருடைய மதிப்பு. அம்மா மோர்த்தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பித்தளை டம்ளரை எடுத்து, மோரை ஊற்றி, அதை அப்பாவின் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். ஆண்கள் நடுவில் வந்து நிற்கிற பழக்கம் அம்மாவுக்குக் கிடையாது. கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

அப்பா வேலியின் மூங்கில் படலைத் தூக்கித் திறந்துகொண்டு வெளியே போனார். "தப்பு எம் பொண்ணு பேருல. ஆளு அறியாமக் கைய வச்சுட்டேன், எம் பேருலயும்தான். உள்ள வந்து உக்காந்து மோரு குடிச்சுட்டுப் போங்க" என்றார்.  தேன்காரருக்கு அதை வாங்க என்ன கூச்சமோ, மகளைப் பார்த்தார். அவள் அவரை இழுத்துக்கொண்டு வேலிக்குள் வந்தாள். அவர் உட்கார்ந்து குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகுதான் கலயத்தைக் கேட்டாள்.

அவள் நடு மடு வரை போய் முங்கி மொண்டு வந்தாள். கொப்புளக்காரர் தலை குனிந்து கலயத்தை வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் முன்னால் போக, அவர் மட்டும் கடைசியில் தனியாகப் போனார். கூட்டத்தில் யாரும் அவரோடு பேசவில்லை. நொண்டி நொண்டி, காவடி ஆடாமல், சாலை திரும்பும் வரை போய்க்கொண்டே இருந்தார். மறுநாள் அந்தத் தண்ணீர் சாமி மேல் விழுந்திருக்கும். எங்கிருந்து வந்தது என்று மேலே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து தேன்காரர் எங்கள் தோப்புக்குள் வந்துதான் உட்காருவார். ஊரில் சிலர் அப்பாவைக் கேலி பேசினார்கள். ஒரு பெரிய குடும்பம் அடுத்த வருஷம் எங்கள் பந்தலுக்கு வரவே இல்லை. அப்பா அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. என்னிடமும் அந்த நாளைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசியதில்லை. எனக்கு மட்டும் அந்த வருஷம் முழுக்க ஒரே பயம். சாமிக்குப் பிடித்ததோ பிடிக்கவில்லையோ? அந்தக் குழந்தையின் கால் என்ன ஆனதோ? ஆற்றில் முங்கும்போதுகூட அந்த நினைப்பு வந்தால் பாதியிலேயே மேலே வந்துவிடுவேன்.

அடுத்த பங்குனியில் கொடுமுடிக் கூட்டம் வந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவர் இல்லை. கூட்டத் தலைவர் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. புளியமரம் வரைக்கும் போய் நின்று அழுதேன். என் சிநேகிதியும் வந்து நின்றாள். "வருவாரு இரு" என்றாள்.

வெகு நேரம் கழித்துச் சாலைத் திருப்பத்தில் ஒரு காவடி தெரிந்தது. அது ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு வந்தது. தூக்கியவர் அதை நேராக்குவதும், அது சாய்வதும், அவர் தோளை மாற்றுவதுமாக வந்துகொண்டிருந்தார். பின்னால் ஒரு மாட்டு வண்டி. வண்டிக்கும் காவடிக்கும் நடுவில், மஞ்சள் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் வண்டியில் ஏற மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். இடது கால் கொஞ்சம் இழுத்தது. ஆனால் நடந்தாள். நான் பார்த்தேன், என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

அவர் தோப்புக்குள் வந்து எங்கள் முன்னால் நின்றார். வலது தோள் வீங்கிக் கன்றிப் போயிருந்தது. ஒரு கலயத்தின் வாய் துணியால் கட்டியிருந்தது. இன்னொன்று திறந்தே தொங்கியது. உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை.

"மூணு நாளும் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே வந்துச்சுங் கண்ணு" என்றார் சிரித்துக்கொண்டு. "ஒண்ணுல எங்க காவேரி. இன்னொண்ணு உங்க ஆத்துக்குன்னு வெறுமனே கொண்டாந்தேன். ரெண்டு பேரும் மொண்டு குடுங்க."

சொல்லி முடிப்பதற்குள் என் சிநேகிதி கலயத்தைக் கழற்றிக்கொண்டு மடுவில் குதித்துவிட்டாள். நானும் பின்னாலேயே குதித்தேன்.